வட்டவளை மழையில் நான்கு வகைத் தந்திகளும் மூன்று மலிவு பேஸ் கிட்டார்களும்

இலங்கையில் மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் இந்த ஊரில், வைகாசிக் கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் புரட்டாசி வரை துணி காய்வதில்லை; உறையை விட்டு வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்த, பாட்டுக்கு அடியொலி கொடுக்கும் பேஸ் கிட்டாரின் தந்தியும் இரண்டு வாரத்துக்கு மேல் பளபளப்பாக இருப்பதில்லை. தந்திகளைப் பற்றியும் மலிவான பேஸ் கிட்டார்களைப் பற்றியும் வெளிநாட்டவர் எழுதும் மதிப்புரைகளை நான் நிறையவே வாசித்திருக்கிறேன். ஒலியைப் பற்றி நுணுக்கமாகச் சொல்லியிருப்பார்கள். துருவைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இராது. ஆகவே 2024 ஜூன் முதல் 2025 பெப்ரவரி வரை நான்கு வகைத் தந்திகளை மூன்று கிட்டார்களில் மாற்றி மாற்றிப் பூட்டி, வீட்டிலும் மேடையிலும் வாசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எதற்காக வாசிக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்; ஏனென்றால் என் தீர்ப்புகள் எல்லாம் அதைப் பொறுத்தவை. பங்குனி, சித்திரை மாதங்களில் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா மேடைகள், மற்ற மாதங்களில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள், ஞாயிறு காலையில் தேவாலயம் என்பதுதான் எங்கள் குழுவின் ஆண்டு ஓட்டம். ஒரே இரவில் பேஸ் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும் எண்பதுகளின் இளையராஜா பாடலை வாசித்து முடித்த கையோடு, ஆறு எட்டுத் தாளத்தில் பைலா கேட்பார்கள். நடுவே அம்மன் பாட்டு ஒன்றுக்கு ஊர்க்காரர்கள் தப்பு என்னும் பறையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கருகில் வந்துவிடுவார்கள். தப்பு முழங்கத் தொடங்கிவிட்டால் பேஸ் கிட்டாரின் கூர்மையான மேல் ஒலிகள் ஒன்றுமே வெளியே கேட்பதில்லை. கேட்பது அடியொலி மட்டுமே. அந்த அடியொலியின் சுருதி கலங்காமல் இருந்தால் பாடுகிறவர் நிம்மதியாகப் பாடுவார்.

விலையையும் இங்கேயே பேசிவிடலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 25 டொலருக்கு விற்கும் சாதாரண நிக்கல் தந்தித் தொகுதி, டொலர் 300 ரூபாவை ஒட்டி நிற்கும்போது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா. அதன்மேல் கப்பல் கூலியும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிவிட்ட பெறுமதி சேர் வரியும், கடைக்காரரின் இலாபமும் ஏறி நம் கைக்கு வரும்போது பத்தாயிரத்தைத் தொடுகிறது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாயிற்று. ஒரு வாரம் முழுவதும் கொழுந்து பறித்த சம்பளத்தை நான்கு கம்பிகளுக்குக் கொடுக்கிறோம் என்றால், அந்தக் கம்பிகள் ஒரு மாதம் உழைத்தால் போதுமா என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. 2022க்கு முன்பு டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு உறைக்கவில்லை.

இனிக் கிட்டார்கள். முதலாவது, தலைப்பகுதியில் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் ஒட்டியிருந்து, அதுவும் பின்னர் உரிந்துபோன சீனத் தயாரிப்பு. ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் வடிவத்தில், 34 அங்குலத் தந்தி நீளமுடையது. கல்யாண வீட்டில் வாசிக்க வந்த ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். இந்த வகைக் கிட்டாரைக் கடையில் எடுத்து வாசித்துப் பார்க்கிறவர்கள் பத்து நிமிடத்தில் வெறுத்துக் கீழே வைத்துவிடுவார்கள், நானும் அப்படித்தான் முதலில் வைத்தேன். தந்திக்கும் விரற்பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் போலிருந்தது. விரற்பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கீற்றுகளில் முதலாவதில் அழுத்தினால் சுருதி மேலே ஏறிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் பார்த்தபோது, இவை இரண்டும் மரத்தின் குறையோ தொழிற்சாலையின் தீராத குறையோ அல்ல என்பது தெரிந்தது. தலைப்பக்கத்தில் தந்தி உட்காரும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் விடப்பட்டிருந்தன, கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி தளர்ந்து கழுத்து முன்னால் வளைந்திருந்தது, மறுமுனையில் உள்ள பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சாடில்கள் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தப்பட்டிருந்தன.

நட்டுக்கென்று விற்கும் அரம் என்னிடம் இல்லை. கழற்றிய பழைய ஈ தந்தியின், அதாவது நான்கில் மிகத் தடித்த தந்தியின், துண்டொன்றில் மெல்லிய சாண்ட் பேப்பரைச் சுற்றிப் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இதில் அவசரம் கூடாது. அளவுக்கு மேல் இறங்கிவிட்டால் திறந்த தந்தி ஃப்ரெட்டில் பட்டு இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியதுதான். ட்ரஸ் ராட்டுக்கு நான் பின்பற்றுவது எளிய முறை: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தந்தியின் அடியில் விசிட்டிங் கார்ட் ஒன்று உரசிக்கொண்டு நுழைகிறதா என்று பார்ப்பது. அது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. கூடுதலாக இருந்தால் கால் சுற்று இறுக்கி, ஓர் இரவு விட்டு, மறுநாள் திரும்பவும் பார்க்க வேண்டும். அதன் பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஈ தந்தியின் உயரம் 2.5 மில்லிமீட்டரும் மிக மெல்லிய ஜி தந்தியின் உயரம் 2 மில்லிமீட்டருமாக சாடில்களை இறக்கினேன். கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுருதியும் அதே இடத்தில் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக் சுருதியும் ஒத்துப்போகும் வரை சாடில்களை முன்னும் பின்னும் நகர்த்தினேன். அழுத்திய சுருதி கூடுதலாக இருந்தால் சாடிலைக் கழுத்தைவிட்டு விலக்க வேண்டும், குறைவாக இருந்தால் கழுத்தை நோக்கி.

இரண்டு இரவு வேலை. அதற்குப் பின் அந்தப் பெயரில்லாக் கிட்டார் வாசிக்கக்கூடியதாயிற்று என்று சொன்னால் போதாது, எங்கள் கீபோர்ட் வாசிக்கும் தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “அண்ணே, இது புதுசா?” என்றான். தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப்களின் ஒலி மெலிந்ததுதான், சுருதிச் சாவிகள் தளர்வானவைதான், அவற்றை மறைக்க முடியாது. ஆனால் இப்படிச் செட்டப் செய்யாத மலிவுக் கிட்டாரைப் பற்றிச் சொல்லும் எந்தக் கருத்தும் அந்தக் கிட்டாரைப் பற்றியதாக இராது. அதைக் கடையில் தொங்கவிட்டவரின் சோம்பலைப் பற்றியதாகவே இருக்கும்.

இரண்டாவது, யமாஹா டிஆர்பிஎக்ஸ் 174. இதுவும் பழையதாகவே வாங்கியது. 34 அங்குலம், 24 ஃப்ரெட்டுகள், நடுவில் பிரிசிஷன் வகைப் பிளந்த பிக்கப், பிரிட்ஜ் பக்கத்தில் ஜாஸ் வகைப் பிக்கப், மின்கலம் தேவைப்படாத பேசிவ் சுற்று. பிளந்த பிக்கப், மின்கலம் வேண்டாத சுற்று ஆகிய இந்த இரண்டு விஷயங்களுக்காகவே மலையகத்து மேடைக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் முதலில் ஒற்றைச் சுருள் பிக்கப் இருந்தது. 1957இல் அதை இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதிகளும் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை ஒன்றுக்கொன்று தின்றுவிடும்படி அமைத்தார்கள். தோட்டத்துக் கோயில் மேடையில் ஜெனரேட்டர் ஒருபக்கம் ஓட, சீரியல் விளக்குகள் மறுபக்கம் மின்ன, ஒற்றைச் சுருள் ஜாஸ் பிக்கப்பைத் தனியாகத் திறந்தால் பாட்டைவிட இரைச்சல்தான் முந்திக்கொண்டு வரும். பிளந்த பிக்கப்பைத் திறந்தால் மேடை அமைதியாக இருக்கும். மின்கல விவகாரமும் அப்படித்தான். ஒலிபெருக்கிக்குப் போகும் கேபிளைச் செருகியபடியே மறந்துவிட்டால் அக்டிவ் பேஸின் ஒன்பது வோல்ட் மின்கலம் இறங்கிக்கொண்டே இருக்கும். அது தீர்ந்துபோனபின் ஒலியே வராத கிட்டார்களும் உண்டு. இரவு பதினொரு மணிக்குப் பொகவந்தலாவைத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் ஒன்பது வோல்ட் மின்கலம் விற்கும் கடையைத் தேடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மூன்றாவது கிட்டார் என்னுடையதன்று. தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து பேஸ் கற்க வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஐபனீஸ் மிக்ரோ. தந்தி நீளம் 28.6 அங்குலம் மட்டுமே. சிறிய கைக்கு எட்டும், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஒன்றை மட்டும் வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதே தடிப்புள்ள தந்தியை அதே சுருதிக்கு இழுக்கும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஆகவே 34 அங்குலக் கிட்டாரில் விறைப்பாக நிற்கும் தந்தி இதில் ஏறத்தாழ 29 சதவீதம் தளர்ந்து நிற்கும், 30 அங்குலக் கிட்டாரில் 22 சதவீதம். அந்தத் தளர்ச்சி பிள்ளையின் விரலுக்கு இதமானது. ஈ தந்தியை ஓங்கி மீட்டினால் சுருதி ஒரு கணம் மேலே போய் இறங்குவது அதன் விலை. தடித்த தொகுதி ஒன்றைப் பூட்டினால் இது பெருமளவு சரியாகிறது. ஸ்குவையர் அஃபினிட்டி என்ற இன்னொரு பேஸ் கிட்டாரையும் மச்சானின் வீட்டில் ஒரு மாலை வாசித்தேன். ஒரு மாலையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

தந்திகளுக்கு வருவோம். பேஸ் தந்தியின் தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு சொல்வது வழக்கம். 45 என்றால் 0.045 அங்குலம். நான் முதலில் பூட்டியது டடாரியோ நிறுவனத்தின் ஈஎக்ஸ்எல் 170. 45, 65, 80, 100 என்ற தடிப்பு, எஃகுக் கருவின்மேல் நிக்கல் பூசிய எஃகுக் கம்பியை உருண்டையாகவே சுற்றிய ரவுண்ட்வவுண்ட் வகை. காற்றுப்புகாத உறையில் வருவதால் பெட்டிக்குள் இருக்கும்வரை பயமில்லை. ஜூன் மாத முதல் வாரத்தில் யமாஹாவில் பூட்டியபோது ஒலி பியானோவின் இடப்பக்கக் கட்டைகளைத் தட்டியது போல் இருந்தது. கீழ் ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் அதிர்வை மேடை ஸ்பீக்கர் முழுதாகக் கொடுக்காவிட்டாலும், அதன் மேலே எழும் துணை ஒலிகள் தெளிவாக இருந்ததால் சுருதி காதுக்குப் பிடிபட்டது. மூன்றாம் வாரத்தில் அந்த மினுக்கம் மங்கத் தொடங்கியது. ஐந்தாம் வாரத்தில் ஜி தந்தியில் விரலை ஓட்டினால் விரல் நுனியில் கறுப்புப் படிந்தது. இதை எந்த நிறுவனத்தின் குறையாகவும் நான் சொல்லவில்லை. உருண்டைச் சுற்றுகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய பள்ளங்களில் வியர்வையும் தோலும் ஈரமும் போய்த் தங்குகின்றன. ஜூலை மாத வட்டவளையில் அந்த ஈரம் வெளியேறப் போக்கிடமே இல்லை.

அப்படியானால் துருப்பிடிக்காத எஃகைப் பூட்டினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ஸ்விங் பேஸ் 66 தந்திகள் அந்த வகையின் மூத்த பிள்ளை. 1966இல், த ஹூ என்ற பிரித்தானிய ராக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசில் தன் பேஸ் முன்னால் நின்று பேச வேண்டும் என்று கேட்டதையொட்டி உருவானவை. 45, 65, 80, 105. சீனக் கிட்டாரில் பூட்டிய முதல் நாளே அதன் மெலிந்த பிக்கப்களுக்கு உயிர் வந்துவிட்டது. மலிவுக் கிட்டாரின் மந்தமான ஒலியைத் தூக்கிவிட இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. ஜூலை நடுவிலிருந்து செப்டெம்பர் முடிய ஒரு புள்ளி துருக்கூட இல்லை. ஆனால் ஒலி? அது ஆகஸ்ட் கடைசியிலேயே மங்கிவிட்டது. இந்தச் சோதனையில் நான் கற்றுக்கொண்ட மிக முக்கியமான செய்தி இதுதான்: தந்தியின் ஒலியைக் கொல்வதில் துருவின் பங்கு ஒரு பாதிதான், மறுபாதி அழுக்கு. துருப்பிடிக்காத எஃகும் உருண்டையாகச் சுற்றப்பட்டிருந்தால் அதே பள்ளங்கள் அதிலும் உண்டு. போதாததற்கு, இந்த எஃகு நிக்கலைவிடக் கடினமானது. விரலையும் உரசும், ஃப்ரெட்டையும் வேகமாகத் தேய்க்கும். ஃப்ரெட் மாற்றிக் கொடுக்க ஹட்டனில் ஆள் தேடுவது எளிதன்று.

அழுக்குப் போக ஒரு கைவைத்தியம் உண்டு. கழற்றிய தந்திகளைச் சட்டியில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துத் துடைத்து உலர்த்தினால் மங்கிய ஒலி திரும்பும். திரும்புவது உண்மை; நிற்பது சில நாட்கள்தான். திருவிழாவுக்கு முதல் நாள் இரவு இதைச் செய்யலாம், அந்த ஒரு மேடைக்குக் காணும். உலர்த்துவதில் கொஞ்சம் ஏமாந்தாலும் நிக்கல் தந்தி உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பதையும், அம்மா குழம்பு வைக்கும் சட்டியை எடுத்தால் வரும் விளைவையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் பதிந்துவிடுகிறேன். ஜூலையில் வெளியூர்க் கடை ஒன்றில், பெயர்பெற்ற தயாரிப்பின் பெட்டியில், விலை வழமையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக ஒரு தொகுதி கிடைத்தது. பூட்டிய அன்றே ஏ தந்தி பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் எப்படிச் சாடிலை நகர்த்தினாலும் சுருதிக்கு வரவில்லை; சுற்று ஒழுங்கற்ற தந்தியில் எடை நீளம் முழுவதும் ஒரேமாதிரிப் பரவியிராததால் அது ஒருபோதும் சுருதிக்கு வராது. உறையின் உள்ளே அச்சிட்டிருந்த இலக்கத்தைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டுப் பார்த்தபோது அப்படியொரு இலக்கமே இல்லை என்று வந்தது. கடைக்காரரிடம் திரும்பப் போனேன். திறந்த பெட்டியை எடுக்க முடியாது என்றார். திறக்காமல் உள்ளே இருக்கும் இலக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை. அந்தத் தந்திகளில் ஒன்று இப்போது எங்கள் கொல்லைப்புறத்தில் பாகற்கொடியைத் தாங்குகிறது.

மூன்றாவது வகையைப் பற்றித்தான் நான் நீளமாக எழுத விரும்பினேன். டடாரியோ நிறுவனத்தின் குரோம்ஸ், ஈசிபி 81, 45, 65, 80, 100, ஃப்ளாட்வவுண்ட். இதில் கருவின்மேல் சுற்றப்படுவது உருண்டைக் கம்பியன்று, தட்டையான நாடா. சுற்றியபின் மேற்பரப்பை மெருகிட்டுவிடுகிறார்கள். விரலை ஓட்டினால் கண்ணாடியைத் தடவியது போலிருக்கும். பள்ளமே இல்லாத இடத்தில் அழுக்கு எங்கே தங்கும்? விலை நிக்கலைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். செப்டெம்பரில், மழை ஓயும் முன்பே, யமாஹாவில் பூட்டினேன்.

முதல் அனுபவம் இனிமையானதன்று. ஃப்ளாட்வவுண்ட் என்றால் தலையணையைத் தட்டியது போன்ற ஒலி என்று கேட்டுப் பழகியிருந்த எனக்கு, இதன் புதுத் தந்திகள் எதிர்பார்த்ததைவிடப் பளிச்சென்று கேட்டன. அதே தடிப்புள்ள நிக்கல் தொகுதியைவிட இழுவிசையும் கூடுதல். பொதுவாக நான்கு பேஸ் தந்திகளும் சேர்ந்து கழுத்தை எழுபது எண்பது கிலோ எடையளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அது இன்னும் கூடியதும் கழுத்து முன்னால் வளைந்து, விசிட்டிங் கார்ட் நுழைந்த இடத்தில் இரண்டு கார்ட் நுழைந்தது. கால் சுற்று இறுக்கி ஒருநாள் விட்டேன், மீண்டும் அதில் பாதி. தளர்வான கழுத்துள்ள மலிவுக் கிட்டாரில் ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று உறுதிசெய்யாமல் இந்தத் தந்திகளைப் பூட்டக் கூடாது. இன்னொன்று, ஃப்ளாட்வவுண்டை வெட்டுமுன் வெட்டும் இடத்துக்குச் சற்று இப்பால் செங்கோணமாக மடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாடா அவிழ்ந்து தந்தி முழுவதும் வீணாகும்.

மூன்றாவது வாரத்தில் பளிச்சு அடங்கியது. அதற்குப் பின்னர் மாற்றமே இல்லை என்று சொல்லுமளவுக்கு நின்றுவிட்டது. ஒக்டோபரில் பதிவுசெய்த ஒலியையும் பெப்ரவரியில் அதே இடத்தில் அதே கருவியில் பதிவுசெய்த ஒலியையும் போட்டுக் கேட்டபோது எது எந்த மாதத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரிசிஷன் பேஸில் தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் தந்திகளைப் பூட்டி, அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது பேஸ் வாசிப்போர் எல்லாரும் சொல்லும் செய்தி. அதைப் பெரிய மனிதரின் கிறுக்கு என்றே நினைத்திருந்தேன். மழைநாட்டில் அது சிக்கனமும்கூட.

மேடையில் இதன் பயன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தப்பும் ட்ரம்ஸும் சேர்ந்து முழங்கும்போது நிக்கல் தந்தியின் உரசலும் மினுக்கமும் எப்படியும் காணாமற் போய்விடும். எஞ்சுவது அடியொலி மட்டும், அந்த அடியொலி ஃப்ளாட்வவுண்டில் தடித்து உருண்டு நிற்கிறது. பைலாவின் ஆறு எட்டில் ஒவ்வோர் அடியும் எழுந்து உடனே அடங்குவதால் தாளம் சேறாகவில்லை. எண்பதுகளின் சினிமாப் பாடல்களில் ஒரு ஃப்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போகும் இடங்களில் கீச்சொலி சிறிதும் எழவில்லை. குறையும் உண்டு. கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் இதில் உப்பில்லாத கஞ்சி. புதிய சினிமாப் பாடல்கள் சிலவற்றில் பேஸ் கம்பியின் உலோக ஒலியே அலங்காரமாக இருக்கும். கல்யாண மண்டபத்தில் இளைஞர்கள் அவற்றைக் கேட்டபோது நான் சீனக் கிட்டாரைத்தான் எடுத்தேன்.

நான்காவது வகை கறுப்பு நைலான் நாடா சுற்றிய தந்தி, 50 முதல் 105 வரை. வெளியே உலோகமே இல்லாததால் துருவுக்கு வேலையில்லை, இழுவிசையும் குறைவு, வீட்டில் சிறிய ஒலிபெருக்கியில் வாசித்தால் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸை நினைவூட்டும். தடிப்புக் கூடியதால் நட்டின் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்தியபின் மெல்லிய தந்திக்குத் திரும்புவது கடினம். கோயில் மேடையின் பெரிய ஸ்பீக்கரில் அடியொலி பிசுபிசுத்தது. தேவாலயத்துக்கு நல்லது. பிளாஸ்டிக் படலம் பூசிய எலிக்சர் தந்திகளையும் சேர்த்துச் சோதித்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அவற்றின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் நான்கோடு நிறுத்தினேன்.

தட்பவெப்பம் பற்றி இரண்டு குறிப்புகள். வட்டவளையில் மழை கொட்டும் ஜூலையில் பண்டாரவளையில் காற்று காய்ந்து வீசும். மலையின் மறுபக்கம் அப்போது மழைமறைவு. அந்த மாதம் யமாஹாவையும் சீனக் கிட்டாரையும் ரயிலில் பட்டிப்பொளை உச்சியைத் தாண்டிக் கொண்டுபோய் மனைவியின் வீட்டில் பத்து நாட்கள் வைத்திருந்தேன். தந்திகளுக்கு அந்தக் காற்று மருந்துபோல. மரத்துக்கு அப்படியன்று: ஈரத்தை இழந்த கழுத்தின் வளைவு மாறி, இரண்டு கிட்டார்களிலும் ட்ரஸ் ராட்டைத் திருப்ப வேண்டியிருந்தது, சீனக் கிட்டாரில் விரற்பலகை சுருங்கியதால் ஃப்ரெட் முனைகள் பக்கவாட்டில் துருத்தி உள்ளங்கையைக் கீறின. வட்டவளைக்குத் திரும்பிய இரண்டு வாரத்தில் அவை உள்ளே போய்விட்டன. ஈரமான ஊரில் பழைய கிட்டார் வாங்கும்போது ஃப்ரெட் முனை வழுவழுப்பாக இருப்பதை வைத்து ஏமாறக் கூடாது.

இன்னொன்று, 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் பெப்ரவரிக் குளிர். சூடான அறையில் சுருதி சேர்த்துவிட்டு வெளி மேடைக்கு வந்தால், குளிரில் எஃகு சுருங்கி இழுவிசை கூடிச் சுருதி மேலே ஏறும். விளக்குகளின் சூடு பட்டதும் இறங்கும். தந்தி எந்த வகையானாலும் இதிலிருந்து தப்பாது. மேடைக்குப் பின்னால், குளிரிலேயே கால் மணி நேரம் கிட்டாரை உறைக்கு வெளியே வைத்திருந்து அதன்பிறகு சுருதி சேர்த்தால் தொல்லை குறையும்.

கணக்கைப் பார்த்தால், நிக்கல் தந்தி மழைக்காலத்தில் ஐந்து வாரத்துக்குப் பத்தாயிரம் ரூபா. ஃப்ளாட்வவுண்ட் செப்டெம்பரிலிருந்து பெப்ரவரி வரை ஒரே தொகுதி, இன்னும் கழற்றவில்லை. யமாஹாவில் அதுவே இருக்கும். சீனக் கிட்டாரில் ரோட்டோசவுண்ட் மங்கிய நிலையில் கிடக்கிறது, அதைக் கல்யாணங்களுக்கு முதல் நாள் கொதிக்கவைத்துக் கொள்கிறேன். பிள்ளையின் மிக்ரோவுக்கு நீளம் குறைந்த கிட்டார்களுக்கென்றே வரும் ஃப்ளாட்வவுண்ட் தொகுதியைக் கொழும்பில் சொல்லிவைத்திருக்கிறேன். நீளத் தந்தியை வெட்டிப் பூட்டலாம் என்றால், தடித்த பகுதி சாவியில் சுற்றும்போது நாடா பிளந்துவிடக்கூடும். அது வந்து சேரும்வரை அவள் பழைய நிக்கலிலேயே வாசிக்கிறாள், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தந்தியைத் துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறைக்கு ஒருமுறை துடைக்கிறாள்.